கலோரி எண்ணும் செயலி: கணக்கைவிட அதன் குழுக்களே ஆபத்து

உண்ட உணவைக் கைபேசியில் பதிந்தால் அதன் கலோரியைக் கணக்கிட்டுச் சொல்லும் செயலிகளில் ஒன்றை, அதனுள்ளேயே இயங்கும் உறுப்பினர் குழுக்களோடு சேர்த்து இங்கே மதிப்பிடுகிறேன். செயலியின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே அமைப்பில் பல செயலிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றின் பெயரை மட்டும் சொன்னால் மற்றவற்றில் சிக்கல் இல்லை என்று பொருளாகிவிடும். என் அக்கா மகள் இதைப் பயன்படுத்தியவள். பள்ளியில் மேல்வகுப்பு படிக்கும் அவள் இப்போது, எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைக்கவைக்கும் அனோரெக்ஸியா நெர்வோசா என்னும் உண்ணுதல் கோளாறுக்குச் சிகிச்சை பெற்றுவருகிறாள். அவளுடைய சம்மதத்தோடும், சிகிச்சை அளிக்கும் உளவியலாளரிடம் கேட்டுக்கொண்டும், செயலியின் பக்கங்களை அவளுடன் அமர்ந்து பார்த்தேன். பிறகு நானே புதிய பயனராகப் பதிவு செய்து தனியாகவும் பயன்படுத்திப் பார்த்தேன்.

எடை, கலோரி ஆகியவற்றின் எண்களை இந்த மதிப்புரையில் எங்கும் தரவில்லை. இந்நோயின் பிடியில் இருப்பவர்கள், எந்த நோக்கத்தோடு எழுதப்பட்ட எண்ணாக இருந்தாலும் அதைத் தங்களுக்கான இலக்காக எடுத்துக்கொள்வார்கள்.

செயலியின் பலத்தை முதலில் சொல்லிவிடலாம். அதில் உள்ள உணவுகளின் பட்டியல் மிகப் பெரியது. பொட்டலத்தின் பார்கோடைக் கேமராவில் காட்டினால் விவரம் உடனே திரையில் வருகிறது. தவறாகப் பதிந்ததைத் திருத்துவதும் எளிது. நீரிழிவு உள்ளவர் மாவுச்சத்தின் அளவைக் கவனிக்கவும், உணவியல் நிபுணரின் மேற்பார்வையில் இருக்கும் விளையாட்டு வீரர் தமக்குப் போதிய புரதம் கிடைக்கிறதா என்று பார்க்கவும் இது பயன்படும். அவர்கள் பதிந்த எண்ணைப் பார்த்து, "இது போதாது, கூட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல ஒரு மருத்துவரோ பயிற்சியாளரோ இருக்கிறார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செயலியைத் திறக்கும் பதின்வயதுப் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல யாருமில்லை. அந்தப் பிள்ளையின் கையில் இந்தச் செயலி எப்படி நடந்துகொள்கிறது என்பதையே நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

பதிவு செய்யும்போது பிறந்த ஆண்டு, உயரம், தற்போதைய எடை, அடைய விரும்பும் எடை ஆகியவற்றைக் கேட்கிறது. என் உயரத்துக்கு எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ள முடியாத அளவுக்குக் குறைந்த எடையை இலக்காகக் கொடுத்தேன். இந்த இலக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்ற ஒற்றை வரி, சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் வந்தது. அதற்குக் கீழே, அதைவிடப் பன்மடங்கு பெரிய எழுத்தில், "தொடர்க" என்ற பச்சைப் பொத்தான். அதை அழுத்தியதும், அந்த எடையை நான் எந்தத் தேதியில் அடைவேன் என்று கணித்து நாள்காட்டியில் குறித்தும் கொடுத்துவிட்டது. எச்சரிக்கை விடுத்த அதே செயலி, அடுத்த நொடியில் அதற்கான வழித்துணையாகவும் ஆகிவிடுகிறது.

வயதைச் சரிபார்க்கும் ஏற்பாடும் இல்லை. பிறந்த ஆண்டை மாற்றி உருட்டினால் போதும். இது சிறிய குறை அல்ல என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைகள் வரை இலக்காக வைத்து விளம்பரம் செய்யப்பட்ட கர்போ என்ற எடைக்குறைப்புச் செயலி, 13 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோரின் முறையான அனுமதியின்றிச் சேகரித்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், அதை நடத்திய வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம் 2022இல் 15 லட்சம் டாலர் அபராதம் செலுத்தவும், அந்தப் பிள்ளைகளின் விவரங்களையும் அவற்றைக் கொண்டு உருவாக்கிய அல்காரிதங்களையும் அழிக்கவும் ஒப்புக்கொண்டது. பிள்ளைகள் வயதை மாற்றிச் சொல்லி உள்ளே வருவதற்கு இடம் கொடுத்தார்கள் என்பதும் அந்த வழக்கின் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

தினமும் பயனர் பார்க்கும் முதல் பக்கத்தில் ஒரு வளையம் இருக்கிறது. காலையில் அது முழுப் பச்சையாக இருக்கும். உணவைப் பதியப் பதியப் பச்சை குறைந்துகொண்டே வந்து, குறித்த அளவைத் தாண்டியதும் வளையம் முழுவதும் சிவப்பாகிவிடும். ஒரு கவளம் கூடினாலும் அதே சிவப்புதான். அளவுக்கு வெகுதூரம் கீழே நின்றுவிட்டால் சிவப்போ மஞ்சளோ வராது. நாளின் முடிவில் திரையில் வண்ணக் காகிதத் துகள்கள் பொழிந்து, "அருமையான நாள்" என்று பாராட்டு வரும். சோதனைக்காக ஒரு நாள் ஏறக்குறைய எதையுமே பதியாமல், அன்றைய கணக்கை முடித்துக்கொள்ளும் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். அன்றுதான் வண்ணத் துகள்கள் அதிக நேரம் பொழிந்தன. தொடர்ந்து இலக்குக்குள் நின்ற நாள்களை எண்ணிக்கொண்டே வரும் ஒரு சங்கிலியும் உண்டு. அது அறுபடப் போகிறது என்று இரவில் நினைவூட்டல் வரும். அக்கா வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் அந்த அறிவிப்பு வந்துகொண்டிருந்தது என்பதைப் பழைய அறிவிப்புகளின் பட்டியலில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

இந்த வளையம் சொல்லும் கணக்கு உண்மையில் அவ்வளவு துல்லியமானதும் அல்ல. அமெரிக்க விதிகளின்படி, பொட்டலத்தில் அச்சிடப்பட்ட கலோரி அளவைவிட உள்ளே இருப்பது 20 விழுக்காடு வரை கூடுதலாக இருக்கலாம். வீட்டில் சமைத்ததற்கோ பொட்டலமே கிடையாது, உத்தேசமாகத்தான் பதிய வேண்டும். அப்படியிருக்க, செயலி கடைசி இலக்கம் வரை காட்டுகிறது. அந்த இலக்கத்தைப் பார்த்து ஒரு பிள்ளை அழுகிறது. உடல் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலின் பெரும்பகுதி, அசையாமல் படுத்திருந்தாலும் இதயத்தையும் மூளையையும் மூச்சையும் உடல் வெப்பத்தையும் காப்பதற்கே போகிறது என்ற அடிப்படைத் தகவல் செயலியில் எந்தப் பக்கத்திலும் இல்லை. உடற்பயிற்சி செய்தால்தான் உண்ணும் உரிமையைச் சம்பாதிக்க முடியும் என்பதுபோல், நடந்த தூரத்தை உணவுக்கு எதிரான வரவாக அது காட்டுகிறது.

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944–45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், போரிட மனச்சாட்சி இடம்கொடாமல் மறுத்த இளைஞர்களில் 36 பேரைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து, 24 வாரங்கள் அவர்களுடைய உணவைப் பாதியளவுக்குக் குறைத்து ஆராய்ந்தார். அவர்கள் உடலும் மனமும் நலமாக இருப்பவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நாள்கள் செல்லச் செல்ல அவர்களுடைய பேச்சும் கனவும் உணவாகவே ஆயின, சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினர், ஒரு வேளை உணவை நீண்ட நேரம் இழுத்து இழுத்து உண்டனர், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினர், எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. அவர்களில் யாரும் ஒல்லியாக வேண்டும் என்று விரும்பிப் பட்டினி கிடக்கவில்லை. உணவைப் பற்றிய இடைவிடாத எண்ணம், பட்டினியிலிருந்தே பிறக்கிறது.

இதை அறிந்தபின் செயலியைப் பார்த்தால் அதன் சுழற்சி விளங்கும். எண்ணத் தொடங்குகிறவர் குறைத்து உண்கிறார். குறைத்து உண்பதால் மனம் உணவையே சுற்றிவருகிறது. அந்தத் தவிப்புக்கு வடிகாலாக மேலும் எண்ணுகிறார். இரவு வெகுநேரம் விழித்திருந்து மறுநாள் உண்ணப்போவதை முன்கூட்டியே பதிவதும், பதிந்ததை அழித்து மீண்டும் பதிவதும் என் அக்கா மகளுக்கு வழக்கமாகியிருந்தது. நாங்கள் அதைப் பாடத்துக்கான விழிப்பு என்று எண்ணியிருந்தோம். செயலியிடம் அந்த நேரப் பதிவுகள் எல்லாம் இருந்தன. பயனர் எத்தனை முறை திறக்கிறார், எந்த நேரத்தில் திறக்கிறார், எவ்வளவு குறைவாகப் பதிகிறார் என்று நிறுவனத்துக்குத் தெரியும். அதைக் கொண்டு எச்சரிக்கை தருவதற்குப் பதிலாக, அது அவளைக் குழுக்களுக்கு அனுப்பியது.

இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியவை அந்தக் குழுக்கள்தான்.

என் சோதனைப் பதிவுகள் சில நாள்கள் மிகக் குறைவாக இருந்த பிறகு, "உங்களைப் போன்றவர்களோடு இணையுங்கள்" என்ற தலைப்பில் மூன்று குழுக்களைச் செயலி பரிந்துரைத்தது. ஒன்று நடைப்பயிற்சிக் குழு. மற்ற இரண்டும், மேலோட்டமாகப் பார்த்தால் மன உறுதி பற்றியவைபோல் தெரியும் பெயர்களைக் கொண்டவை. உள்ளே சென்றால், எலும்பு தெரியும் உடல்களின் படங்கள், அன்றன்று எவ்வளவு குறைவாக உண்டோம் என்ற கணக்கு, அதற்குக் கீழே வரிசையாக வாழ்த்துகள். உண்ணுதல் கோளாறின் பெயரை நேரடியாகத் தேடினால் செயலி எதையும் காட்டுவதில்லை. உதவி எண்களின் பக்கம் ஒன்று வருகிறது. ஓர் எழுத்தை மாற்றித் தேடினால் எல்லாம் வந்துவிடுகிறது.

இந்த ஓட்டை புதியதல்ல. இத்தகைய குழுக்களை யாஹூ நிறுவனம் 2001லேயே நீக்கத் தொடங்கியது. 2012இல் டம்ளர் (Tumblr), பின்டெரெஸ்ட், இன்ஸ்டாகிராம் ஆகிய சமூக ஊடகங்கள் அடுத்தடுத்துத் தடை அறிவித்தன. ஆனால் இன்ஸ்டாகிராமில் தடை செய்யப்பட்ட ஹேஷ்டேகுகளை ஆராய்ந்து அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரை, எழுத்தை மாற்றிய வடிவங்கள் பெருகியதையும் அவற்றில் பதிவானவை முன்பைவிடத் தீவிரமாக இருந்ததையும் காட்டியது. பத்தாண்டுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிட்ட இந்த வழியை அடைக்காத ஒரு செயலியை, கவனக்குறைவு என்று சொல்லி மன்னிக்க என்னால் முடியவில்லை.

குழுவில் நடக்கும் பேச்சைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து நினைப்பதுபோல் அங்கே யாரும் யாரையும் மிரட்டுவதில்லை. பேச்சு முழுவதும் அன்பாகவே இருக்கிறது. ஓர் உறுப்பினர், தன் பிறந்தநாளன்று குடும்பத்தோடு வயிறாரச் சாப்பிட்டுவிட்டதாக எழுதியிருந்தார். பதில்கள் துக்கம் விசாரிப்பதுபோல் வந்தன. மனம் தளர வேண்டாம், எல்லோருக்கும் இப்படி ஒரு நாள் வரும், நாளைக்கு ஈடுசெய்துவிடலாம், நாங்கள் துணையிருக்கிறோம் என்று வரிசையாக ஆறுதல். இன்னொருவர் மாடிப்படியில் மயங்கி விழுந்ததாகச் சொன்னார். மருத்துவரைப் பாருங்கள் என்று ஒருவர்கூட எழுதவில்லை. "உன் வைராக்கியம் எனக்கில்லையே" என்று ஏக்கத்தோடு எழுதியவர்கள்தான் இருந்தார்கள். சிகிச்சையில் சேரப்போவதாக விடைபெற்ற ஒரு பெண்ணின் பதிவு மறுநாள் காணவில்லை. அவருடைய பெயரும் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. நோயை ஒரு தோழியின் பெயரிட்டு அழைத்து, அவள் கோபிப்பாள், அவள் மகிழ்வாள் என்று பேசிக்கொள்வதையும் அங்கே பார்த்தேன். அப்படிப் பேசத் தொடங்கியவருக்கு, நோயைக் கைவிடுவது ஓர் உறவுக்குத் துரோகம் செய்வதாகத் தோன்றும்.

"சித்தி, அங்கே இருக்கிறவங்களுக்குத்தான் என்னைப் புரியும்; நீங்க எல்லாரும் சாப்பிடு சாப்பிடுன்னு மட்டும்தான் சொல்றீங்க" என்று என் அக்கா மகள் என்னிடம் சொன்னாள். அவள் சொன்னதில் உண்மை இருந்தது. நள்ளிரவில் அழுதுகொண்டே ஒரு வரி எழுதினால், அடுத்த நிமிடம் அந்தக் குழுவில் யாரோ ஒருவர் பதில் எழுதினார். வீட்டில் அந்த நேரத்தில் யாரும் விழித்திருக்கவில்லை. விழித்திருந்தாலும் அந்த அழுகையைப் புரிந்துகொண்டிருக்க மாட்டோம். தனிமையை ஆற்றும் மருந்தும் உடலை அழிக்கும் நஞ்சும் ஒரே கிண்ணத்தில் வருவதால்தான், குழுவை நீக்கு என்று கண்டிப்பாகச் சொல்வது மட்டும் பலிப்பதில்லை. அங்கே எழுதுபவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கவும் என்னால் இயலவில்லை. என் அக்கா மகள் இருந்த குழுவை நிர்வகித்தவளும் ஏறக்குறைய அவள் வயதுப் பெண்தான். அவளுடைய பதிவுகளைப் படித்தால் அவளுக்கும் நோய் முற்றியிருப்பது தெரிகிறது. ஆயிரக்கணக்கானோர் இருக்கும் ஒரு குழுவின் பாதுகாப்பை, சம்பளமில்லாமல், பயிற்சியில்லாமல், அந்த நோயாளிச் சிறுமியிடம் ஒப்படைத்துவிட்டு நிறுவனம் விலகி நிற்கிறது. குற்றம் அங்கேதான் இருக்கிறது.

செயலியோ குழுவோதான் நோயை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் சார்ல் லசேக் ஆகிய மருத்துவர்கள் 1873இலேயே தனித்தனியாக விவரித்த நோய் இது. மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. பதற்றமும் எதிலும் பிழையின்றி இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் உள்ள இயல்புக்கும் பங்கு உண்டு. ஆனால் தூண்டுதலின் பங்கையும் மறுக்க முடியாது. உண்ணுதல் கோளாறு கண்டறியப்பட்ட 105 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் புகழ்பெற்ற ஒரு கலோரிச் செயலியைப் பயன்படுத்தியிருந்தனர். அவர்களில் 73 விழுக்காட்டினர் தங்கள் நோயில் அதற்குப் பங்கு இருந்ததாகக் கருதினர். இது அவர்களுடைய கணிப்பு, நிரூபணம் ஆகாது. ஆயினும் நோயை அனுபவித்தவர்கள் சொல்வதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன்.

பரிந்துரைக்கும் அல்காரிதத்தைப் பொறுத்தவரை, இந்தச் செயலி பெரிய நிறுவனங்களின் வழியிலேயே செல்கிறது. தம் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்திக்கொண்டிருந்த பதின்வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தை மேலும் மோசமாக்கியதாகச் சொன்னார்கள் என்ற தகவல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்விலேயே இருந்தது. அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் வழியாக 2021இல்தான் அது உலகுக்குத் தெரிந்தது. டிஜிட்டல் வெறுப்பை எதிர்க்கும் மையம் என்ற அமைப்பு, 13 வயதினர் என்று பதிந்த புதிய கணக்குகளைக் கொண்டு டிக்டாக்கைச் சோதித்து 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், ஒரு கணக்குக்கு 8 நிமிடங்களுக்குள் உண்ணுதல் கோளாறு தொடர்பான உள்ளடக்கம் காட்டப்பட்டதாகப் பதிவு செய்தது. எதில் கண் நிலைக்கிறதோ அதையே மேலும் மேலும் கொடுப்பதுதான் இவற்றின் இயல்பு. நோயின் தொடக்கத்தில் இருப்பவரின் கண் எதில் நிலைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

புகார் அளிக்கும் வசதியையும் சோதித்தேன். மயங்கி விழுந்தவரின் பதிவைக் குறிப்பிட்டு, அவருக்கு உதவி தேவை என்று எழுதினேன். விதிமீறல் எதுவும் இல்லை என்ற ஆயத்தப் பதில் வந்தது. படங்களைப் பற்றிய புகாருக்கு ஒரு படம் மட்டும் நீக்கப்பட்டது. அதே படம் வேறொருவர் பக்கத்தில் அப்படியே இருந்தது. மனிதர் ஒருவரிடம் பேச வழியே இல்லை. உரையாடும் சாட்பாட் ஒன்று இருக்கிறது. சாப்பிட்டபின் குற்ற உணர்வு வருகிறது என்று எழுதியதற்கு, அடுத்த வேளைக்கான அளவைக் குறைத்துத் திட்டமிடலாமே என்று அது யோசனை சொன்னது. இந்த ஆபத்து நல்ல நோக்கம் கொண்டவர்களையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவின் தேசிய உண்ணுதல் கோளாறுகள் சங்கம், டெஸ்ஸா என்ற தன் சாட்பாட்டை, அது எடைக்குறைப்பு ஆலோசனைகளை வழங்கியது தெரியவந்ததும் 2023 மே இறுதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. நோயாளிகளுக்காகவே உருவாக்கப்பட்ட சேவைக்கே இந்த நிலை என்றால், எடைக்குறைப்பை விற்கும் செயலியின் சாட்பாட்டிடம் ஒரு பிள்ளையைத் தனியே விடக் கூடாது.

செயலியால் பார்க்க முடியாதவற்றை, உடனிருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும். எப்போதும் குளிர்கிறது என்பது, முடி கொட்டுவது, மாதவிடாய் நின்றுபோவது, எழுந்தவுடன் தலைசுற்றுவது, உணவு முடிந்ததும் குளியலறைக்கு விரைவது, தளர்ந்த ஆடைகளுக்கு மாறுவது, மற்றவர்களுக்கு ஆசையாகச் சமைத்துப் பரிமாறிவிட்டுத் தான் உண்ணாமல் நழுவுவது ஆகியவை நாங்கள் கண்டும் பொருள் புரியாமல் விட்டவை. உடல் மெலிந்திருந்தால்தான் நோய் என்பதும் சரியல்ல. எடை இயல்பான வரம்பில் இருந்தும் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்தவர்களை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அளவுமீறி உண்டுவிட்டு வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுசெய்ய முயலும் புலிமியா நெர்வோசா என்னும் கோளாறில் உடல் தோற்றம் பெரும்பாலும் மாறுவதே இல்லை. ஆனால் வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தாறுமாறாகக்கூடும், பல்லின் எனாமலும் அரிக்கப்படும். ஆண் பிள்ளைகளிடம் இதே பிடிப்பு, தசையும் கட்டுடலும் என்ற பெயரில் வருவதால் எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. நடைப்பயிற்சிக் குழுவுக்குப் பக்கத்தில் அத்தகைய குழுக்களையும் கண்டேன்.

இதன் தீவிரம் பலருக்குத் தெரியாது. 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஆய்வு, அனோரெக்ஸியா உள்ளவர்களின் இறப்பு விகிதம் எதிர்பார்க்கப்படுவதைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு என்றும், இறந்தவர்களில் ஐவரில் ஒருவர் தற்கொலையால் இறந்தார் என்றும் கண்டது. ஆகவே பருவக் கோளாறு, தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. அதே வேளையில், நெடுநாள் பட்டினி கிடந்தவரைப் பிடித்து உட்காரவைத்து ஒரேயடியாக நிறைய உண்ணவைப்பதும் உயிருக்கு ஆபத்து. உணவு திரும்பும்போது இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை சட்டென்று சரிந்து இதயத்தைத் தாக்கக்கூடும் என்பதால், முதல் கட்ட உணவூட்டல் மருத்துவக் கண்காணிப்பில், இரத்தப் பரிசோதனைகளோடு நடக்க வேண்டும். பதின்வயதினருக்கு நல்ல பலன் தரும் சிகிச்சைகளில் முதன்மையானது, 1980களில் லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் வளர்ந்த குடும்பம்சார் சிகிச்சை. அதில், என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்ற பொறுப்பைப் பெற்றோர் தற்காலிகமாக ஏற்று, ஒவ்வொரு வேளையும் உடனிருந்து உண்ணவைத்து, உடல் தேறத் தேறப் பொறுப்பைப் பிள்ளையிடம் திருப்பித் தருகிறார்கள். எங்கள் வீட்டில் இப்போது நடப்பது அதுதான். அது மிகக் கடினமான வேலை. பொறுமை தீர்ந்துபோகும் நேரங்கள் உண்டு. ஆனால் உணவு மேசையில் ஒருவர் உடன் உட்கார்ந்திருப்பது, குழுவில் வரும் நூறு பதில்களைவிட அவளுக்குப் பலம் தருகிறது என்பதை நான் நேரில் காண்கிறேன்.

சிகிச்சையின் பகுதியாக அவளுக்கு வேறொரு பதிவுச் செயலி கொடுக்கப்பட்டிருக்கிறது. அதில் எண்களே இல்லை. உண்டாயா, யாருடன் உண்டாய், உண்பதற்கு முன்னும் பின்னும் மனம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்கிறது. பதில் நேராகச் சிகிச்சையாளருக்குப் போகிறது. ஒரு வேளை தவறினால் சிகிச்சையாளர் அழைத்துப் பேசுகிறார். குழுவும் இல்லை, சங்கிலியும் இல்லை. தோற்றத்தில் மிகச் சாதாரணமானது, சில நேரம் மெதுவாக இயங்குகிறது. ஆனாலும் நான் மதிப்பிட்ட செயலி செய்யத் தவறியதை இது செய்கிறது.

மதிப்பெண் என்று கேட்டால், உணவுப் பட்டியலுக்கும் வேகத்துக்கும் ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். பயனரின் பாதுகாப்புக்கு ஒன்றும் கொடுப்பதற்கில்லை. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கவும் எனக்கு விருப்பமில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், உண்ணுதல் கோளாறு முன்பு இருந்தவர்கள், குடும்பத்தில் யாருக்கேனும் இருந்தவர்கள், கடும் பதற்றமோ மனச்சோர்வோ உள்ளவர்கள் ஆகியோர் இதை நிறுவ வேண்டாம். மற்றவர்கள் நிறுவினாலும் குழுக்களின் பக்கத்தை அமைப்புகளில் சென்று மறைத்துவிடலாம்; அந்த வசதி இருக்கிறது, ஆனால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நிறுவனம் செய்ய வேண்டியவை அரியவை அல்ல. உடல்நலத்துக்குக் கேடான இலக்கு எடையை ஏற்க மறுப்பதும், அளவுக்கு மீறிக் குறைந்த பதிவு தொடர்ந்தால் பாராட்டை நிறுத்தி உதவிப் பக்கத்தைத் திறப்பதும், பயிற்சி பெற்ற மனிதர்களைக் குழுக்களில் அமர்த்துவதும் இன்றைக்கே செய்யக்கூடியவை. பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம், உண்ணுதல் கோளாறை ஊக்குவிக்கும் உள்ளடக்கத்தைப் பிள்ளைகள் கண்ணிலேயே படாமல் தடுக்க வேண்டியவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. அந்தக் கடமை 2025 ஜூலையிலிருந்து அங்கே நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாட்டில் சட்டம் கட்டாயப்படுத்தினால் செய்ய முடிகிற ஒன்றை, மற்ற நாடுகளின் பிள்ளைகளுக்கும் செய்துதர நிறுவனங்களுக்குத் தடையில்லை.

செயலியிலிருந்து வெளியேற நினைப்பவர்களுக்கு: கைபேசியிலிருந்து செயலியை நீக்கினால் மட்டும் பயனர் கணக்கு அழிவதில்லை, குழு அறிவிப்புகள் மின்னஞ்சலில் தொடர்ந்து வரும். கணக்கை மூட, அமைப்புகளில் தனியுரிமைப் பக்கத்தின் அடியில் உள்ள இணைப்பை அழுத்தி, காரணம் எழுதி, மின்னஞ்சலில் வரும் உறுதிப்படுத்தலையும் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகும் 30 நாள்கள் கணக்கு உறங்குநிலையில் இருக்கும்; அதற்குள் ஒருமுறை உள்நுழைந்துவிட்டால் எல்லாம் பழையபடி திரும்பிவிடும் என்பதால், கடவுச்சொல்லைப் பெற்றோரோ சிகிச்சையாளரோ மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. இதைப் பிள்ளைக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம். தெரியாமல் செய்தால் வேறு பெயரில் புதிய கணக்கு முளைக்கும், அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். மூடுவதற்கு முன் "என் தரவைப் பதிவிறக்கு" என்ற வசதியைப் பயன்படுத்தி எடை, உணவுப் பதிவுகளின் நகலை எடுத்து, பிள்ளையின் கையில் கொடுக்காமல் நேராக மருத்துவரிடம் கொடுங்கள். உணவு எப்போது குறையத் தொடங்கியது, எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பதை அதிலிருந்து அவர் தெரிந்துகொள்ள முடியும்.